ஹால் சுவரில் நீங்கள் போட்ட ஓட்டை

மாமா,

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். நேற்றுக் காலை பெயின்டர் டிவிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் பட்டித் தகட்டோடு என்னைக் கூப்பிட்டார். முழங்கால் உயரத்தில், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. குனிந்து பார்த்தால் அந்தப் பக்கம் சின்ன ரூம் தெரிகிறது.

"இன்னாக்கா இது, எலி போட்டதா?"

"இல்லைங்க. எங்க மாமனார் போட்டது."

அவர் சிரித்துவிட்டு, பட்டி வைத்து அடைத்துவிடட்டுமா என்று கேட்டார். ஈரப் பட்டியின் வாசனை வீடு முழுக்க இருந்தது. நான் இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். அதற்குள் ஜன்னலோர நாற்காலியிலிருந்து அத்தை குரல் கொடுத்துவிட்டார்.

"அடைப்பா, நல்லா அடை. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நான் டிவியில வந்தேன். அதை ரெக்கார்டு பண்றேன்னு சுவத்தை ஓட்டை போட்டதுதான் மிச்சம். படமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரயில்வே சிக்னல்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினாராம்!"

இருபது வருஷமாக அதே வசனம். நீங்கள் போய் இந்த ஆடியோடு மூன்று வருஷம் ஆகிறது, அத்தை இன்னும் விடுவதாக இல்லை. வழக்கமாக நான் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவேன். நேற்று போக முடியவில்லை. ஏன் என்று உங்களுக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

அப்போது சின்ன ரூமில் இருந்த கம்ப்யூட்டர் உங்கள் பெண் மாலா படிப்புக்காக வாங்கியது. அவள் கல்யாணமாகி மஸ்கட் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை அவளோடு இன்டர்நெட்டில், மைக்கில் பேசுவதற்கு மட்டும் அதன் மேல் போட்ட துணியை எடுப்போம். மற்ற ஆறு நாளும் அது சின்ன ரூமில் பூஜைச் சாமான் மாதிரி மூடிக்கிடக்கும். அதே சமயத்தில்தான் கேபிளில் டிஜிட்டல் பெட்டி வந்தது. பெட்டி வைக்காவிட்டால் காசு கட்டிப் பார்க்கிற சேனல் எதுவும் தெரியாது என்றாகிவிட்டது. நாமும் ஒரு பெட்டி வாங்கி ஹாலில் வைத்தோம். அதன் ரிமோட் அன்றைக்கே அத்தை கைக்குப் போனது. போனதுதான். சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து வரைக்கும் சீரியல். உங்கள் கிரிக்கெட் சேனலும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் மாட்டிக்கொண்டு கிடந்தது.

நீங்கள் சண்டை போடுகிற ஆள் இல்லை. மேட்ச் நடக்கும்போது மொட்டை மாடிக்குப் போய், பக்கத்து வீட்டு டிவி சத்தத்தை வைத்து ஸ்கோர் கண்டுபிடிப்பீர்கள். ஒருநாள் கையில் பேப்பரோடு அடுப்படி வாசலில் வந்து நின்றீர்கள். ஒரு விளம்பரத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தீர்கள்.

"அம்மாடி, டியூனர் கார்டுன்னு ஒண்ணு இருக்காம். கம்ப்யூட்டருக்குள்ள சொருகினா டிவி தெரியுமாம். ரெக்கார்டு கூடப் பண்ணலாமாம். அவ அங்க சீரியல் பாக்கட்டும். நாம இங்க மேட்ச் பாப்போம். யாருக்கும் தொந்தரவு இல்லை."

"உங்களுக்குப் பூட்டத் தெரியுமா மாமா?"

"சிக்னல்ல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன்மா நான். எனக்கா சிக்னல் பத்தி சொல்லித்தர?"

ரயில் சிக்னலுக்கும் டிவி சிக்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாசம் படித்த சர்டிபிகேட் பீரோவில் மடித்துக் கிடந்தது. இந்த வீட்டில் அதைப் பற்றி என்னைக் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.

தாம்பரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனோம். நாலு கடை ஏறி இறங்கினோம். கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் நீங்கள் "இது லோடு தாங்குமா?" என்று கேட்டீர்கள். ஒருவருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. ஐந்தாவது கடையில் ஒருத்தர் எதற்கும் இருக்கட்டும் என்று "தாங்கும் சார்" என்றார். உடனே வாங்கிவிட்டீர்கள். திரும்பி வரும்போது அந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் "கொஞ்சம் பாத்தும்மா, இது டெலிகேட்டு" என்று பல்லாவரம் வரைக்கும் நாலு தடவை சொன்னீர்கள்.

வயரும் துளை போடுகிற கையுளியும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கினது. பழைய வயர் என்றாலும் நல்ல தாமிரம் என்று பல்லால் கடித்துப் பார்த்துச் சொன்னீர்கள்.

பூட்டின நாளை மறக்கவே முடியாது. ஒரு கார்டைச் சொருகுவதற்கு வீட்டுக்கே மெயின் ஸ்விட்சை அணைத்தீர்கள். அதன் மேல் "ஆட்கள் வேலை செய்கிறார்கள், போடாதே" என்று காலண்டர் தாளில் எழுதித் தொங்கவிட்டீர்கள். உள்ளே மிக்ஸியில் பாதி அரைத்த தேங்காய்ச் சட்னி அப்படியே நின்றுவிட்டது. "எந்த ஆட்கள்? ரெண்டே பேருதானே இருக்கீங்க!" என்று அத்தை கரண்டியோடு வந்து நின்றார். நீங்கள் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னீர்கள்: "உங்க அத்தையை ரெண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லு." ரெண்டடி தூரத்தில்தான் அத்தை நின்றிருந்தார்.

நீங்கள் அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "இந்தாம்மா" என்பீர்கள். இல்லாவிட்டால் தொண்டையைச் செருமுவீர்கள். அந்தச் செருமலிலேயே காப்பி வேண்டுமா, கண்ணாடி வேண்டுமா என்று அத்தைக்குத் தெரிந்துவிடும். சமையலைப் பற்றியும் ஒரு வார்த்தை வராது. விருந்தே போட்டாலும் சாப்பிட்டு முடித்து "மோர் இருக்கா?" என்பீர்கள். அவ்வளவுதான். வந்த புதிதில் எனக்கு உங்கள் மேல் ஆத்திரமாகவே வரும். நல்லா இருக்கிறது என்று சொன்னால் வாய் வலிக்குமா என்று உங்கள் பிள்ளையிடம் புலம்பியிருக்கிறேன்.

கார்டைச் சொருகும்போது உங்கள் வேலைப் பழக்கத்தை எனக்கும் ஒட்டவைத்தீர்கள். சிக்னலில் ஒருத்தர் கேட்டால் மற்றவர் தலையாட்டக் கூடாதாம், "ம்" கொட்டக் கூடாதாம். கேட்ட வார்த்தையையே திருப்பிச் சொல்லவேண்டும். அப்போதுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

"கார்டு சொருகியாச்சா?"

"சொருகியாச்சு."

"ஸ்க்ரூ முடுக்கியாச்சா?"

"முடுக்கியாச்சு."

"சவுண்டு வயர் நீலத் துளையில குத்தியாச்சா?"

"குத்தியாச்சு மாமா. மெயினைப் போடலாமா? அத்தை சட்னியைத் தலையில கொட்டிடுவாங்க."

அதன் பிறகு ஓட்டை. கையுளியை வைத்து ஒரு பகல் முழுக்கக் குடைந்தீர்கள். முதல் தடவை இடம் தப்பி, தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அதன் மேல் டிவி மேஜையை நகர்த்தி வைத்து மறைத்தோம். இரண்டாவது தடவை சரியாக இந்தப் பக்கம் வந்துவிட்டது. பெட்டியின் முதுகிலிருந்து ஒரு வயரை எடுத்து ஓட்டை வழியாக உள்ளே இழுத்துக் கம்ப்யூட்டரில் பூட்டினோம். ஸ்க்ரீனில் படம் வந்தபோது நீங்கள் என்னோடு கை குலுக்கினீர்கள். மாமனார் மருமகளோடு கை குலுக்குவதை அந்தத் தெருவிலேயே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வந்த படத்தில் ஒரு பெண் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஹாலில் அத்தை பார்த்துக்கொண்டிருந்த அதே சீரியல்.

"சேனலை மாத்தும்மா."

மாற்றினேன். வெறும் புள்ளி. அடுத்தது, அதற்கடுத்தது, தொண்ணூற்றொன்பது வரைக்கும் புள்ளி. திரும்பவும் பழைய இடத்துக்கு வந்தால், அந்தப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் கேபிள்காரர் தேவராஜ் வசூலுக்கு வந்தார். அனகாபுத்தூரிலிருந்து பழைய ஸ்கூட்டரில் வருவாரே, அவர்தான். உள்ளே கூட்டிப்போய்க் காட்டினீர்கள். அவர் சுவரைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார்.

"இன்னா சார் நீ, கேட்டுட்டு செய்யக்கூடாதா? பெட்டி ஒண்ணுதான கீது? அது ஒரு நேரத்துல ஒரு சேனலைத்தான் குடுக்கும். அம்மா அங்க குந்திக்கினு இன்னா பாக்கறாங்களோ, நீயும் இங்க அதையேதான் பாக்கணும். வேற வழி இல்லை சார்."

உங்கள் முகத்தில் அசடு வழிந்தது. சீரியலுக்குப் பயந்து அடுத்த ரூமுக்குப் போனால், சுவரை ஓட்டை போட்டு அதையே கூடக் கூட்டிவந்திருக்கிறோம்! நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அத்தை ஹாலிலிருந்தே, "என்ன மேட்ச்சா ஓடுது? யாரு ஜெயிக்கறாங்க?" என்றார். தெருவே கேட்கும்படி கேட்டார்.

சரி, கார்டு வீணாகப் போச்சு என்று நினைத்தபோதுதான் அந்தப் போன் வந்தது.

டிவியில் ஒரு மத்தியான சமையல் நிகழ்ச்சிக்கு நான் அத்தை பேரில் விண்ணப்பம் போட்டிருந்தேன். விண்ணப்பத்தில் பேர் எழுதுமிடத்தில் "கமலா" என்று உங்கள் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தீர்கள், நினைவிருக்கிறதா? என் எழுத்து கோணல் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டீர்கள். அத்தையைக் கூப்பிட்டார்கள். பருப்பு உருண்டைக் குழம்பு செய்வதாக ஏற்பாடு. படப்பிடிப்புக்கு நான்தான் துணைக்குப் போனேன். நீங்கள் வரவில்லை, முழங்கால் வலி என்றீர்கள். விளக்கு வெளிச்சத்தில் அத்தைக்குக் கை நடுங்கியதை வந்து உங்களிடம் சொன்னேன். பேப்பரை மடித்துவிட்டு "உருண்டை உடஞ்சுதா?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள், "வேண்டாம், சொல்லாத. டிவியிலேயே பாத்துக்கறேன்" என்றீர்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒளிபரப்பு. மறு ஒளிபரப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மஸ்கட்டில் மாலாவுக்கு அந்தச் சேனல் வராது. அவளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது, இப்போதைக்கு ஊருக்கு வரமுடியாது. "அம்மாவை நான் எப்படிப் பாக்கறது?" என்று மைக்கில் அழுதாள். அத்தையும் அழுதார். அப்போது நீங்கள் எழுந்து நின்று, "அழாத. ரெக்கார்டு பண்ணி சிடி போட்டு அனுப்பறேன். இது என் பொறுப்பு" என்றீர்கள். இந்த வீட்டில் நீங்கள் அப்படிச் சத்தமாகச் சொன்னதே இல்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களை நிமிர்ந்து பார்த்தார்.

அதற்கப்புறம் உங்களுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினோரு வேலை எழுதி ஒட்டினீர்கள். பெட்டி எந்த நம்பர், கம்ப்யூட்டரில் எந்த நம்பர், டிஸ்கில் இடம் இருக்கிறதா, கரண்ட் போனால் என்ன செய்வது, எல்லாம். வெள்ளிக்கிழமை செய்திகளை ஐந்து நிமிஷம் ரெக்கார்டு செய்து ஒத்திகை பார்த்தோம். படம் கண்ணாடி மாதிரி, சத்தம் மணி மாதிரி. "டிக்" என்று பதினோரு இடத்திலும் போட்டுவிட்டு, அன்றைக்கு ரெண்டு தடவை மோர் கேட்டீர்கள்.

சனிக்கிழமை காலையில் மாலா கூப்பிட்டாள். ஞாயிறு வரை பொறுக்கமாட்டாமல் அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தாள். மைக்கைப் பூட்டி, கம்ப்யூட்டரில் சத்தத்தை மைக்குக்கு மாற்றினோம். அரை மணி பேசினார்கள். பேசி முடித்ததும் வீடு அல்லோலகல்லோலமாகிவிட்டது. எதிர் வீடு, மாடி வீடு, தெருமுனை டெய்லர் அக்கா என்று பன்னிரண்டு பேர் ஹாலில். எல்லாருக்கும் காப்பி. மைக்கிலிருந்து சத்தத்தைத் திரும்பவும் டிவி பக்கம் மாற்றவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, உங்களுக்கும் தோன்றவில்லை. தாளில் இருந்த பதினொன்றில் அது இல்லை. முதல்நாளே சரியாக இருந்ததால் எழுதவேண்டியிருக்கவில்லை.

"எல்லாரும் ஹாலுக்குப் போங்க. மெஷினைத் தனியா விடக்கூடாது. நான் காவல் இருக்கேன்" என்று நீங்கள் சின்ன ரூமுக்குப் போய்விட்டீர்கள். அத்தைக்கு முகம் வாடிப்போச்சு. பக்கத்து நாற்காலியை உங்களுக்கென்று காலியாக வைத்திருந்தார். அப்புறம் அதில் மாடி வீட்டு அம்மா உட்கார்ந்துகொண்டார்.

நிகழ்ச்சி ஆரம்பித்ததும் ரெண்டு ரூமிலும் சத்தம் வந்து எதிரொலித்தது. "உள்ள சத்தத்தைக் குறைங்க!" என்று கூட்டமே கத்தியது. நீங்கள் ஸ்பீக்கரையே அணைத்துவிட்டீர்கள். கதவையும் சாத்திக்கொண்டீர்கள்.

எல்லாரும் போன பிறகு நீங்களும் நானும் அதைப் போட்டுப் பார்த்தோம். அத்தை ஹாலில் காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். படம் நன்றாக வந்திருந்தது. பச்சைப் புடவையில் அத்தை வாயசைக்கிறார், சத்தம் இல்லை. ஐயோ, மைக்! என்று நான் தலையில் அடித்துக்கொண்ட அதே நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து, அந்த மைக் பிடித்து வைத்திருந்த உங்கள் குரல் வந்தது.

நீங்கள் பாய்ந்து வந்து நிறுத்தினீர்கள். அதற்குள் அரை நிமிஷம் நான் கேட்டுவிட்டேன். உங்கள் காது மடல் ரெண்டும் சிவந்துபோயிருந்தது. அறுபத்தாறு வயசு மனுஷர், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றீர்கள்.

"வந்திருக்கா?" என்று ஹாலிலிருந்து அத்தை.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கதவைப் பார்த்தீர்கள். "இல்லை! மெஷின் மக்கர் பண்ணிடுச்சு. ஒண்ணுமே ஆகலை" என்றீர்கள்.

ஹாலில் ஒரு டம்ளர் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

"மாமா, அத்தை பாவம் மாமா. படமாவது இருக்கே. போட்டுக் காட்டலாமே" என்று நான் கிசுகிசுத்தேன்.

"வேண்டாம். மானம் போயிடும். அழிச்சுடும்மா. யாருக்கும் காட்டக்கூடாது."

சொல்லிவிட்டு வெளியே போனீர்கள். அத்தை உங்களைப் பேசின பேச்செல்லாம் எனக்கு உள்ளே கேட்டது. பத்து நிமிஷம் கழித்துக் கதவோரம் வந்து நின்று கேட்டீர்கள்.

"அழிச்சாச்சா?"

"அழிச்சாச்சு."

மாமா, அழிக்கவில்லை. உங்களுக்குத் தெரியாத மீதிப் பாதி அதுதான். கேஸ் மூடியாச்சா, தண்ணி மோட்டார் நிறுத்தியாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று எத்தனையோ கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் சத்தியமாகத்தான் திருப்பிச் சொன்னேன். அந்த ஒன்று மட்டும் பொய். நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அதை ஒரு சிடியில் ஏற்றி, என் சர்டிபிகேட்டுக்கு அடியில் வைத்தேன். பிறகு பென்டிரைவுக்கு மாற்றினேன். மாலாவுக்குக்கூட அனுப்பவில்லை. அவள் அம்மா டிவியில் வந்ததை அவள் பார்க்காமலே போயிற்று. ஒவ்வொரு தடவை அத்தை உங்களை "சிக்னல்ல முப்பது வருஷம்" என்று சொல்லிக்காட்டும்போதும் எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிடும். நீங்கள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் மோர் கேட்பீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் வரும், பாவமாகவும் இருக்கும். என்ன மனுஷரய்யா நீங்கள்! பெண்டாட்டியைப் பாராட்டினது வெளியே தெரிவதைவிட, திட்டு வாங்கிக்கொண்டு கிடப்பது மேல் என்று பதினேழு வருஷம் இருந்தீர்களே!

நேற்று அத்தை அதோடு நிறுத்தவில்லை. பெயின்டரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். "நாப்பத்தெட்டு வருஷம்பா. ஒரு நாளாவது வாயைத் தொறந்து நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பாரா? மனசுல இருந்துச்சோ இல்லையோ, எனக்கென்ன தெரியும். கேக்கறதுக்கு இப்ப ஆளும் இல்லை." கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது. அத்தை குரல் இறங்கி நான் கேட்டதில்லை, மாமா. நீங்கள் போன அன்றைக்குக்கூட எல்லாரையும் அதட்டிக்கொண்டுதான் இருந்தார்.

நான் பீரோவைத் திறந்தேன்.

டிவியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர நாம் தலையால் தண்ணி குடித்தோம். இப்போது பென்டிரைவை டிவியின் இடுப்பில் சொருகினால் போதும். சொருகினேன். அத்தை பச்சைப் புடவையில் வந்து கும்பிட்டார். நாற்காலியிலிருந்த அத்தை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "இது... இது நானா?" என்றார். பிறகு நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள்.

"வந்துட்டா. வந்துட்டா..." நாற்காலி கிரீச்சென்கிறது. "அந்தப் பச்சை எடுப்பா இருக்கும்னு நான்தான் சொன்னேன்." தொண்டையைச் செருமுகிறீர்கள். "சொல்லலை. நெனச்சேன்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டிவியைக் காட்டினேன்.

"நடுவுல நடுவுல பேசாதம்மா, அவளைச் சொல்ல விடு." இது நிகழ்ச்சி நடத்துகிற பெண்ணுக்கு. "நேராப் பாரு. என்னத்துக்குப் பயம்? ஆங், அப்படித்தான். உப்பு. உப்பு சொல்லலை பாரு. கமலா! கமலா, உப்பு!"

"சொல்லுங்க" என்றார் அத்தை.

சாதாரணமாகச் சொன்னார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தும்விட்டார். எழுந்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது போல. அப்படியே நின்றுவிட்டார். பெயின்டர் பட்டித் தகட்டைக் கீழே வைத்தார்.

டிவியில் அத்தை முதல் உருண்டையைக் கையில் எடுத்தார். சட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு தயங்குகிறார். குழம்பு கொதிக்கிறது.

"உடையாது" என்றீர்கள் நீங்கள். "உன் கையில எது உடஞ்சிருக்கு? போடு கமலா. தைரியமாப் போடு... போட்டுட்டா!" மேஜையில் நீங்கள் தட்டின தட்டு டிவியே அதிர்கிற மாதிரி கேட்டது. "அதான் எங்க கமலா. அடுத்த வாரமும் இவளையே கூப்பிடுங்கய்யா. எவ செய்வா இந்த மாதிரி."

அப்புறம் மூக்கைச் சிந்துகிறீர்கள்.

அத்தை அழுவார் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன். அத்தை கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, அணைந்த டிவியைப் பார்த்துச் சண்டைக்கு நின்றார்: "உப்பு நான் சொன்னேன். அந்தப் பொண்ணு குறுக்க பேசினதுல காதுல விழலை. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்தா எப்படிக் கேக்கும்? பக்கத்துல வந்து உக்காந்திருக்கணும்."

பிறகு என்னிடம், "இன்னொரு தடவை போடு. சத்தத்தைக் கூட்டு" என்றார். நேற்று ஆறு தடவை போட்டோம். இரவு மாலாவுக்கும் அனுப்பிவிட்டேன். அவள் இன்னும் பதில் போடவில்லை, அழுதுகொண்டிருப்பாள்.

பெயின்டர் போகும்போது ஓட்டையைக் காட்டி என்ன செய்வது என்று கேட்டார். "அதை அப்படியே விடுப்பா. சுத்தி மட்டும் அடி" என்று அத்தையே சொல்லிவிட்டார்.

நான் இன்னும் ஒவ்வொரு ராத்திரியும் படுக்கப் போகும்முன் அடுப்படியில் நின்று, "கேஸ் மூடியாச்சா?" என்று நானே கேட்டு, "மூடியாச்சு" என்று நானே சொல்கிறேன். சொல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை. நேற்று ராத்திரி சொல்லிவிட்டுத் திரும்பும்போது, நீங்கள் கதவோரம் நின்று அந்தப் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்கிற மாதிரி இருந்தது. அதற்கான சரியான பதிலைத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மாமா. கணக்கு பாக்கி இருக்கக் கூடாது.

அழிக்கலை. காட்டியாச்சு.

உங்கள்
மருமகள்